தனிக்குழிக்குச் சிம்பொனி பொருந்தாது

என் மனைவியின் கல்லறைக் கல் மழைக்காலம் முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, கேட்டை ஒட்டிய சுவரில் சாய்ந்து நின்றது. அவள் உள்ளே இருந்தாள். கல் வெளியே இருந்தது. நடுவில் ஒரு துணைக்குழு இருந்தது.

ஷாரோனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் திரும்பி வந்தேன். இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் மறைமலைநகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பவன். பாகம் சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன் செய்ய வேண்டிய வேலைதானா இது என்று ஷாரோன் கேட்பாள். ஒட்டினால் கோணாமல் ஒட்டுவேன் என்று பெருமையாகச் சொல்வேன்.

அவளிடம் ஒரு வார்த்தை இருந்தது. சிம்பொனி. எங்கிருந்து பிடித்தாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் காலையில் குக்கர் விசிலடிக்கும். மோட்டார் ஓடும். மேல்வீட்டுக் குழந்தை அழும். கீழே தண்ணீர் லாரி பின்னால் வந்துகொண்டே பாட்டுப் பாடும். "கேளேன், செம சிம்பொனி" என்பாள். ஸ்டேஷனில் லோக்கலும் எக்ஸ்பிரஸும் ஒன்றாகக் கடந்தால் சிம்பொனி. அவள் அம்மாவும் சித்தியும் ஒரே நேரத்தில் பேசினால் பெரிய சிம்பொனி. எனக்கு அந்தப் பட்டம் ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. வாய்விட்டுக் கேட்டே பார்த்தேன்.

"நீயா? நீ டிக்கெட் வாங்கினு முன்சீட்ல தூங்கற ஆளு" என்றாள்.

கல் வெட்ட மாமல்லபுரம் போனேன். அருணகிரியின் பட்டறை. ஒரு பக்கம் ஏதோ வெளிநாட்டுக் கோயிலுக்கு விநாயகர்கள், மறுபக்கம் எங்களுக்குச் சிலுவைகள். பெயரும் தேதிகளும் கொடுத்தேன். அருணகிரி கல்லின் கீழ்ப்பகுதியைத் தடவிக் காட்டினார்.

"இங்க ஒரு வரி எடம் கீது சார். இன்னா போடலாம்?"

"தெரியல."

"'அன்பின் சிகரம்' போடட்டா? அட்டை வெட்டி ரெடியா கீது. நல்லா போவுது."

"வேணாம்."

"'குடும்ப விளக்கு'?"

"வேணாம்."

"அப்ப நீயே சொல்லு சார். அவங்க எப்டி?"

பட்டறையில் ஆளுக்கு ஒரு தாளத்தில் உளி தட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிங் மெஷின் அலறியது. ஜெனரேட்டர் அதைத் திட்டியது. பின்னால் கடல் இருந்திருக்க வேண்டும், கேட்கவில்லை. ஷாரோன் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அது என் வாயில் வந்தது.

"சிம்பொனி."

அருணகிரி சாக்பீஸால் எழுதிக்கொண்டார். பொருள் கேட்கவில்லை. "வித்தியாசமா கீது சார்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மாற்றச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போனேன். யோசிக்கவில்லை.

கல்லைக் குட்டியானை வேனில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தேன். கல்லறைத் தோட்டத்தின் காவல்காரர் சின்னராசு கேட்டைப் பாதி திறந்து, கல்லைப் படித்துவிட்டு, மறுபடி மூடினார்.

"இது கமிட்டி ஓகே பண்ண வார்த்தையா தம்பி?"

"கமிட்டி ஓகே பண்ணணுமா?"

"பின்ன? போன வர்சம் ஒர்த்தரு 'வருங்கால கவுன்சிலர்'னு வெட்டி எட்த்துகினு வந்தாங்க. செத்தவருக்கு இன்னாயா வருங்காலம்? அன்னிலேர்ந்து கமிட்டி."

டிரைவருக்கு அடுத்த லோடு காத்திருந்தது. கல்லை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். சின்னராசு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக அழைக்க வேண்டிய அவசியம் இல்லை, எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"வர்சம் திரும்பறதுக்குள்ள கல்லு ஏத்திடு தம்பி. ஏறலன்னா அது மண்ணுகுழி. மண்ணுகுழின்னா அட்த்தவங்களுக்குத் தொறந்துடுவோம். எடம் இல்ல, ரூல்ஸு."

அப்போது எனக்குள் ஏதோ உடைந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். "அடுத்தவங்க யாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"அவுங்க இன்னும் சாவுல" என்றார்.

ஷாரோன் போனது ஜனவரியில். இது அக்டோபர்.

அதன் முழுப் பெயர் கல்லறை வாசகப் பரிசீலனைத் துணைக்குழு. இரண்டாம் சனிக்கிழமை தோறும் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஹாலில் கூடும். ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடியும். நடுவில் சமோசா. மூன்று பேர். செயலாளர் ஜெரோம், அரசாங்கத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்றது அவருக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. மாதர் சங்கத் தலைவி செல்லம்மா. மூன்றாமவர் ஆயர். ஆயர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எதிரெதிரான இரண்டு கருத்துகளுக்கும் ஒரே மாதிரி ஆட்டுவார்.

"பொம்பளைங்களுக்கு மூணு வார்த்தை அனுமதி கீது தம்பி" என்றார் ஜெரோம். "அன்பான, அடக்கமான, பொறுமையுள்ள. மூணுல ஒண்ணு எட்த்துக்க. சும்மா ஒண்ணே ஒண்ணு வெச்சிகினு இதான்னு கட்டாயப்படுத்தல பாரு, சாய்ஸ் குட்த்திருக்கோம்."

"ஷாரோன் அடக்கமானவ இல்ல அங்கிள். பொறுமை சுத்தமா கிடையாது."

"எந்தப் பொம்பளைக்குக் கீது?" என்றார் செல்லம்மா. "எல்லாம் கல்லுல போட்டுக்கறதுதான்."

"சரி, நீ போட்ட வார்த்தைக்கு அர்த்தம் இன்னா?" ஜெரோம் கேட்டார்.

நான் எம்.எஸ்சி. ஒலியியல் ஒரு முழுத்தாள் படித்திருக்கிறேன். "நிறைய சத்தம் ஒண்ணா வர்றது" என்றேன்.

"கல்லறைலயா?" என்றார் ஜெரோம்.

ஆயர் தலையாட்டினார்.

ஜெரோம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"நான் கவர்மெண்ட்ல ஒரு வாழ்நாள் இருந்தவன். ஒரு விஷயம் புரியலன்னா அதை பெண்டிங்ல வைக்கணும். புரிஞ்சிடுச்சின்னா ரிஜெக்ட் பண்ணணும். இதுல எனக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. என் சொந்தத் தம்பி கல்லையே ரெண்டு வருஷம் நிறுத்தி வெச்சவன் நான். 'அன்பான தம்பி'ன்னு அவன் பையன் எழுதிகினு வந்தான். யாருக்கு யாரு தம்பி, ஆதாரம் இன்னான்னு கேட்டேன். அண்ணன் நாந்தான். ஆனாலும் கேட்டேன்."

என் வார்த்தை பெண்டிங்கில் வைக்கப்பட்டது. ஜெபித்துக் கலைந்தோம்.

கல் வெளியே நின்றது. மழை ஆரம்பித்தது. எதிர் டீக்கடைக்காரர் அதன் மேல் விளிம்பில் காலி கிளாஸ்களை வைத்தார். ஒரு ஆடு அதில் முதுகைத் தேய்த்தது. 'ஷாரோன் ஜெபசிங்' என்று மேலே, 'சிம்பொனி' என்று கீழே, தேதிகளை மறைத்து ஒரு சைக்கிள். அடுத்த கூட்டத்தில் ஜெரோம் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு அம்மா அந்தக் கல்லைப் போர்டுன்னு நெனச்சி தம் பொண்ணை இஸ்துகினு உள்ள வந்துட்டாங்க. 'ஷாரோன் மிஸ் எங்க கீறாங்க, கீபோர்டு கிளாஸ்ல சேக்கணும்'னு சின்னராசுவாண்ட கேக்கறாங்க. கல்லறைக்கு அட்மிஷன்! அந்த ஆளு இன்னா சொல்லிகீறான் தெரியுமா? 'மிஸ்ஸு உள்ளதான் கீறாங்க, ஆனா இப்ப எட்க்கறது இல்ல.'"

"பொய் இல்லியே" என்றார் செல்லம்மா.

அன்று மாலை என் மாமியார் ஹெலன் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்தார். எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். என்னைத் திட்ட வேண்டுமென்றால் அவர் முதலில் சோறு போட்டுவிடுவார்.

"அதை அழிச்சித் தொலையேன் மாப்ள. மிசின்ல ஒரு இழுப்பு. 'அன்பான'ன்னு போட்டா இன்னா கொறஞ்சிடும்? எம்பொண்ணு அன்பானவ இல்லியா?"

"அன்பானவதான் அத்தை."

"பின்ன இன்னா?"

"உள்ள முழுக்க அன்பானவங்கதான் இருக்காங்க. வரிசை வரிசையா. நான் தேடணும்."

ஹெலன் குழம்பு ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். தட்டு நிரம்பித் தரைக்கு வந்தது.

என்னை ஒரு போராளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மறுபடி மாமல்லபுரம் போக எனக்கு அலுப்பாக இருந்தது. அலுப்பை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கொள்கை மாதிரி தெரியும். "பிடிவாதக்காரன்பா" என்று சபையில் இரண்டு பேர் என் தோளைத் தட்டினார்கள்.

வார்த்தையைக் கேட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று முடிவானது. டிசம்பர் கூட்டத்துக்கு, படூரில் ஓர் அபார்ட்மெண்டின் கிளப் ஹவுஸில் மேல்நாட்டுச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் இனியன் என்பவரை அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது. அவர் செங்கல்பட்டுப் புழுக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர்.

"ஒரு ஜெர்மன்காரர் எழுதினது" என்று ஆரம்பித்தார். "நாலு பாகம் சார். ஒவ்வொரு பாகத்துக்கும் நடுவுல ஒரு அமைதி வரும். அது முடிவு இல்ல. தயவுசெஞ்சு யாரும்..."

ஹாலின் மின்விசிறிகள் பழையவை. மீதி யாருக்கும் கேட்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. மூவரும் கண்ணை மூடினார்கள். ஆலய ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்தால் எங்களுக்கு அது ஜெபம்தான். எக்காளங்கள் முழங்கின, பிடில்கள் ஓடின, எல்லாம் ஓரிடத்தில் வந்து இடித்து நின்றன. அமைதி.

"ஆமென்" என்றார் ஜெரோம்.

"ஆமென்" என்றோம். நாற்காலிகள் இழுபட்டன. சமோசாப் பொட்டலம் பிரிந்தது. இரண்டாம் பாகம் ஆரம்பித்தது. செல்லம்மா வாயில் இருந்ததை விழுங்காமல் கண்ணை மூடினார்.

அது மெதுவான பாகம். ஜெரோம் குறட்டை விட்டார், சுருதி விலகாமல். அது நின்றதும் அவர் விழித்து, தாமதமாகிவிட்ட பதற்றத்தில், "ஆமென்" என்று முதல் தடவையைவிடச் சத்தமாகச் சொன்னார். "ஆமென்" என்றோம். ஆயர் எழுந்து ஆசீர்வாதம் கூறக் கையை உயர்த்தினார். உயர்த்திய கைக்குக் கீழே மூன்றாம் பாகம் துள்ளிக் குதித்து வந்தது. கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அந்தப் பாகம் முடியும்வரை தூக்கியே வைத்திருந்தார். இனியன் அதை ரசனை என்று எடுத்துக்கொண்டு கண்கலங்கினார்.

கடைசிப் பாகம் உண்மையிலேயே முடிந்தபோது யாரும் ஆமென் சொல்லவில்லை. இன்னொன்று வரும் என்று உட்கார்ந்திருந்தோம். மின்விசிறி சுற்றியது. உட்கார்ந்தே இருந்தோம்.

"முடிஞ்சிடுச்சு சார்" என்றார் இனியன்.

யாரும் நம்பவில்லை. எனக்கு அது ஏற்கெனவே பழக்கம். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நர்ஸ் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஜெரோம் விசாரணையைத் தொடங்கினார். "இதை எத்தினி பேர் வாசிக்கிறாங்க?"

"எண்பது பேர் இருக்கலாம் சார். தொண்ணூறுகூட."

"ஒரே ஆள் வாசிச்சா?"

"அது சிம்பொனி இல்ல சார்."

"அவ்ளோதான்." ஜெரோம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எழுத்துத் தமிழுக்கு மாறினார். "தனிக்குழிக்குச் சிம்பொனி பொருந்தாது. இது கூட்டத்துக்கு உரிய சொல். குழியிலோ ஒருவர்தான் இருக்கிறார். ஒருவரைக் கூட்டம் என்று சொல்வது பொய். பொய்யைக் கல்லில் வெட்ட இந்தக் குழு அனுமதிக்காது. அடக்கமான, பொறுமையுள்ள ஆகியவை நடைமுறையில் உள்ளவை. அவை பொய்யாக இருந்தாலும் நடைமுறை."

ஆயர் தலையாட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு மாதத்தில் நான் எதையும் எதிர்த்துக் கேட்டதில்லை. இப்போதும் எதிர்க்கவில்லை. ஒரு தரம் பார்ப்பவனுக்கு வரும் சாதாரணச் சந்தேகம்தான் வந்தது.

"எத்தனை பேர் இருந்தா பொருந்தும் அங்கிள்?"

மூவரும் மறுபடி உட்கார்ந்தார்கள். தலைகள் சேர்ந்தன. சமோசா மணத்தது.

"கொறஞ்சது ரெண்டு" என்றார் ஜெரோம். "குடும்பக் கல்லறைன்னு ஒரு பிரிவு கீது. ஒரே கல்லு, ரெண்டு பேரு. ரெண்டுன்னா குழுன்னு வெச்சிக்கலாம்."

"ரெண்டாவது ஆள் யாரு?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். இனியனும் பார்த்தார்.

"பயப்படாத தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார் ஜெரோம். நான் பார்த்ததில் அன்றுதான் முதல் தடவையாக அவர் குரலில் ஒரு கனிவு இருந்தது. "பேரைப் போடு. பொறந்த தேதி போடு. ஒரு கோடு. அப்பறம் காலி. நேரம் வந்தா நாங்க பாத்துக்கறோம்."

"சின்ன வயசு" என்றார் செல்லம்மா. "நாளைக்கு ரெண்டாங்கல்யாணம் கட்டிகினான்னா?"

"கட்டிக்கட்டும். மூணு பேர் ஆனா வார்த்தை இன்னும் நல்லா பொருந்தும்."

சரி என்றேன். பச்சை ஸ்டிக்கர்.

கல் மறுபடி குட்டியானையில் ஏறி மாமல்லபுரம் போனது. அருணகிரி என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பார்ட்டியை நேர்ல பாத்துகினே வெட்டறது இதான் சார் மொத தபா. எழுத்து புடிச்சிருக்கான்னு நீயே சொல்லிடலாம்." உளியை எடுத்தவர் நிறுத்தினார். "கோடு எவ்ளோ நீளம் போடட்டும்?"

"உங்க இஷ்டம்."

"நீளமாவே போடறேன்" என்றார்.

அவர் தட்டத் தட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாரோன் பெயர், என் பெயர், இரண்டுக்கும் கீழே பொதுவாக அந்த வார்த்தை. அவள் எனக்குத் தர மறுத்ததை ஒரு துணைக்குழு தந்திருந்தது. இருந்திருந்தால் சிரித்திருப்பாள். சிபாரிசில் வாங்கியவன் என்று சாகும்வரை சொல்லிக் காட்டியிருப்பாள்.

ஜனவரியில், வருஷம் திரும்புவதற்கு முந்தின நாள் கல் உள்ளே போனது. மறுநாள் நினைவு ஆராதனை. அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்தார்கள். ஈர மண்ணில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. சின்னராசு பக்கத்து வரிசையில் வேறொரு கல்லுக்குச் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார்.

ஜெரோம் பேசினார்.

"சிம்பொனி என்ற சொல் உலகத்தில் பல காலமாக இருக்கிறது. ஆனால் அதற்கு இன்னதுதான் அளவு என்று தீர்மானித்தது நமது துணைக்குழுதான். அந்தச் சொல்லை இந்தக் கேட்டிலே தடுத்து நிறுத்தியவர்கள் நாங்கள். அதை வாழ வைத்தவர்களும் நாங்கள். நாங்கள் தடுக்காமல் இருந்திருந்தால் அனுமதித்திருக்க முடியுமா? இன்று முதல் பெண்களுக்கு நான்கு சொற்கள். அன்பான, அடக்கமான, பொறுமையுள்ள, சிம்பொனியான. ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் விண்ணப்பித்திருக்கின்றன. அதில் ஒரு அம்மா வாழ்நாளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் குடும்பம் விரும்புகிறது."

ஷாரோனைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பெயரை ஒரு தடவை சொன்னார், கல்லைப் பார்த்துப் படித்து. ஆயர் ஜெபித்தார். ஜெபம் மெதுவாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

"ஆமென்" என்றார் ஜெரோம்.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும். நாற்காலிகள் மடங்கத் தொடங்கின. யாரோ பிரியாணி வேன் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

"இல்ல" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பினார்கள்.

"இன்னா தம்பி?" என்றார் ஜெரோம்.

"இன்னும் முடியல அங்கிள்."

"இன்னா முடியல? ஆமெனே சொல்லியாச்சே."

நான் கல்லைக் காட்டினேன். என் பெயர், பிறந்த தேதி, நீளமாக ஒரு கோடு, காலி இடம்.

எல்லோரும் கல்லைப் படித்தார்கள். பிறகு ஹெலன் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பொத்தமாட்டாமல் சிரித்தார், "எம்மாடி, எம்பொண்ணு இல்லாத நேரம் பாத்து இவனுக்கு வாய் வந்துட்ச்சி" என்று சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். அவர் தங்கை அவரை அடக்கப் போய்த் தானும் பெரிதாக அழுதார். "கல்லறைல இன்னா சிரிப்பு வேண்டிக்கீது!" என்று செல்லம்மா அதட்டினார். சொன்ன ஆமெனைத் திரும்பப் பெற விதி இருக்கிறதா என்று ஜெரோம் ஆயரிடம் கேட்டார். ஆயர் தலையாட்டினார். இருக்கிறது என்றா இல்லை என்றா என்று ஜெரோம் மறுபடி கேட்டார். வேன்காரர் ஹாரன் அடித்தார். சின்னராசுவின் கரண்டி சிமெண்டுத் தட்டில் கரகரத்தது. சுவருக்கு அப்பால் தண்டவாளத்தில் லோக்கல் ஒன்று கூவிக்கொண்டு போக, எதிரே எக்ஸ்பிரஸ் வந்தது.

முன்வரிசையில் ஒரு நாற்காலி மடங்காமல் இருந்தது. அதில் உட்கார்ந்து கேட்டேன்.

தூங்கவில்லை.